மறுபடியும் விழ வேண்டும்

வழியெல்லாம் மக்கர் பண்ணிய வண்டி, மெக்கானிக் முன்னால் போய் நின்றதும் சமர்த்தாக ஓடும். "ஒண்ணும் இல்லையே சார்" என்பார் அவர். மென்பொருள் வழுக்களும் இப்படித்தான். கண்டுபிடித்தவர் கணினியில் விழும் நிரல், எழுதியவர் கணினியில் விழாது. ஃபஸ்ஸிங் செய்யும் பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

ஃபஸ்ஸிங் என்பது, ஒரு நிரலுக்குக் கன்னாபின்னாவென்று உள்ளீடு கொடுத்து எப்போது விழுகிறது என்று பார்க்கும் சோதனை. 1988-இல் இடிமழை பெய்த ஓர் இரவில், விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர் வீட்டிலிருந்து தொலைபேசி இணைப்பில் வேலை செய்துகொண்டிருந்தார். இணைப்பின் இரைச்சலில் புகுந்த குப்பை எழுத்துகளால் யூனிக்ஸ் நிரல்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. அதையே மாணவர்களுக்கு ப்ராஜெக்டாகக் கொடுத்தார். எந்த யூனிக்ஸை எடுத்தாலும் 25 முதல் 33 சதவீதக் கருவிகளை வீழ்த்த முடிந்தது என்றது 1990-இல் வந்த அவர்களது கட்டுரை.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்த முதல் ஃபஸ் நிரலிலேயே, அனுப்பிய குப்பையைக் கோப்பில் சேமிக்கவும், அதே கோப்பை மறுபடி ஓட்டவும் வசதி இருந்தது. வீழ்த்துவது பாதி வேலை. மறுபடி வீழ்த்திக் காட்டுவது மீதிப் பாதி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்றைய கருவிகளில் இது இன்னும் எளிது. ஏ.எஃப்.எல்., நிரலை வீழ்த்திய உள்ளீடுகளைத் தனி ஃபோல்டரில் போட்டு வைக்கிறது. லிப்ஃபஸ்ஸரில் கட்டிய நிரலின் பெயரைக் கட்டளை வரியில் அடித்து, பக்கத்தில் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். புதிதாக எதையும் தேடாமல் அந்த ஒரு உள்ளீட்டை மட்டும் ஓட்டிக் காட்டும். கூகுள் 2016-இல் தொடங்கிய ஓ.எஸ்.எஸ்.-ஃபஸ் திட்டத்திலும் இதற்கென்றே ஒரு வரிக் கட்டளை இருக்கிறது.

அப்படியும் விழவில்லை என்றால்? வழு இல்லை என்று அர்த்தமல்ல. நினைவகத்தில் எல்லை தாண்டி ஒரு பைட் படிக்கும் நிரல், சாதாரணமாகக் கம்பைல் செய்தால் சத்தமில்லாமல் ஓடிவிடும். அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்தால்தான் அலறி விழும். 2014-இல் வெளியான ஹார்ட்பிளீட் இந்த இனம்தான். ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகம் வெளியே கொட்டியது. சர்வர் விழவே இல்லை. "என் கணினியில் நன்றாக ஓடுகிறதே" என்று மூடப்படும் புகாருக்குள் அப்படியொரு ஓட்டை ஒளிந்திருக்கலாம்.

"கண்டுபிடிப்பது என் வேலை, மற்றதை டெவலப்பர் பார்த்துக்கொள்ளட்டும்" என்பது சிலர் வாதம். கட்டற்ற மென்பொருளில் அந்த டெவலப்பர், பல சமயம் சம்பளம் இல்லாமல் இரவில் உட்காரும் ஒருவர். எந்தப் பதிப்பு, எந்தக் கம்பைலர் ஆப்ஷன் என்று சொல்லாமல் வெறும் கோப்பை அனுப்புவது மொட்டைக் கடுதாசிக்குச் சமம். ஓ.எஸ்.எஸ்.-ஃபஸ் புகார் போன்றவற்றில் 90 நாள் கெடு வேறு. அதில் ஒரு வாரம், விழவைக்கும் வழியைத் தேடுவதிலேயே போனால் நஷ்டம் அந்த மென்பொருளைப் பயன்படுத்தும் எல்லோருக்கும்தான்.

எனவே புகார் அனுப்புமுன், மூலநிரலைப் புதிதாக இறக்கி, புதிதாகக் கம்பைல் செய்து, அதே கோப்பைக் கட்டளை வரியில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதே நியாயம். முடிந்தால் கோப்பையும் சுருக்கித் தரலாம். அதற்கும் கருவிகள் உண்டு. விழுந்தால், பதிப்பு, ஆப்ஷன், கட்டளை மூன்றையும் அப்படியே புகாரில் ஒட்டிவிடலாம். வழு சரியான பிறகும் அந்தக் கோப்பு வீணாகாது. நாளை யாராவது அதே தவறை மறுபடி செய்தால், முதலில் காட்டிக் கொடுப்பது அதுதான்.