அட்வான்ஸ் மூணு மாசமா, பத்து மாசமா?

சென்னையில வாடகைக்கு வீடு தேடினவங்களுக்கு இந்த டயலாக் மனப்பாடம். "வாடகை பதினஞ்சு, மெயின்டெனன்ஸ் தனி, அட்வான்ஸ் பத்து மாசம்." சொல்றது புரோக்கரோ ஓனரோ, குரல்ல ஒரு தயக்கமும் இருக்காது. ஏதோ ரேஷன் கடையில விலைப்பட்டியல் படிக்கிற மாதிரி. பத்து மாசம்னா ஒன்றரை லட்சம் ரூபாய். வட்டி கிடையாது. காலி பண்ணும்போது முழுசா திரும்பி வருமான்னும் தெரியாது.

"சட்டப்படி மூணு மாசம்தானே வாங்கலாம்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் எனக்கு வயித்தெரிச்சல்.

2017-ல் தமிழ்நாடு அரசு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ரெண்டு பேரோட உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் போட்டது. (முழுப் பெயரை எழுதினா பதிவு அதிலேயே முடிஞ்சிடும்.) 2019 பிப்ரவரி 22-ல் அமலுக்கு வந்தது. 1960-லிருந்து இருந்த பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போயிடுச்சு. புதுச் சட்டத்தோட 11-வது பிரிவு, மூணு மாச வாடகைக்கு மேல டெபாசிட் வாங்குவது சட்டவிரோதம்னு சொல்லுது. ஆஹான்னு எழுந்து உட்கார்ந்தா, அந்த வாக்கியத்தோட தொடக்கத்திலேயே ஒரு வால் ஒட்டியிருக்கு: "இதற்கு மாறாக ஒப்பந்தம் இருந்தாலொழிய."

அதாவது, பத்து மாசம்னு போட்ட அக்ரிமென்ட்ல நீங்க கையெழுத்து போட்டா பத்து மாசம் சரி!

அந்த அக்ரிமென்ட்டை எழுதுறது யாரு? ஓனர் தரப்புல டைப் அடிச்சு ரெடியா வச்சிருப்பாங்க. ஸ்கூல் அட்மிஷன் முடிஞ்சு, பழைய வீட்டை காலி பண்ற தேதி நெருங்கி, லாரிக்காரனுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டு நிக்கிறவன், "சார், 11-வது பிரிவு..."ன்னு ஆரம்பிப்பானா? ஆரம்பிச்சா அடுத்த ஆள் வாசல்ல நிக்கிறான். பேரம் பேசத் தெம்பு இல்லாதவனுக்காகத்தான் உச்சவரம்புன்னு ஒண்ணு வைக்கிறது. அதையே பேரத்துக்கு விட்டா அது என்ன உச்சவரம்பு?

இன்னொரு வேடிக்கை. பழைய 1960 சட்டப்படி ஓனர் ஒரே ஒரு மாச வாடகையைத்தான் முன்பணமா வாங்கலாம். யாரும் மதிக்கலை, அது வேற கதை. ஆனாலும் சட்டம் நம்ம பக்கம் இருந்தது. இப்ப வழக்கத்துக்குச் சட்டமே வழி விட்டு ஒதுங்கி நிக்குது. மத்திய அமைச்சரவை 2021 ஜூன் மாதம் ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டத்தைப் பாருங்க. தொகையை ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கலாம், ஆனா குடியிருக்கிற வீட்டுக்கு ரெண்டு மாச வாடகையைத் தாண்டக்கூடாது. மாநிலங்களை அது கட்டுப்படுத்தாதுதான். ஆனா உச்சவரம்பை எப்படி எழுதணும்னு அதைப் பார்த்தா தெரியும். நம்ம சட்டத்துலேர்ந்து அந்த வாலை வெட்டினா போதும்.

ஓனர்கள் பயத்தை நான் கிண்டல் பண்ணலை. பென்ஷன் இல்லாம வாடகையை நம்பி இருக்கிற பெரியவங்க எத்தனையோ பேர். குடி வந்தவன் வாடகையும் தராம, காலியும் பண்ணாம, கேஸ் பதினஞ்சு வருஷம் இழுத்தா என்ன செய்வாங்க? ஆனா அதுக்குத்தானே புதுச் சட்டத்துல தனி வாடகை நீதிமன்றம் கொடுத்திருக்காங்க! ரெண்டு மாச பாக்கி, நோட்டீஸ் கொடுத்தும் கட்டலைன்னா வெளியேற்றக் கேட்கலாம். அந்தக் கத்தியையும் கையில வச்சுக்கிட்டு பத்து மாச அட்வான்ஸும் வேணும்னா எப்படி?

அப்புறம் இந்த "பெயிண்டிங் சார்ஜ்". காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள, பாக்கியைக் கழிச்சுக்கிட்டு அட்வான்ஸைத் திருப்பணும்னு சட்டத்துல இருக்கு. யார் எந்த ரிப்பேர் பார்க்கணும்னு ஒரு அட்டவணையே இருக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி நம்ம பொறுப்பு. சுவத்துக்கு வெள்ளையடிக்கிறது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், வயரிங் எல்லாம் ஓனர் பட்டியல்ல இருக்கு. ஆனா நான் போன வீட்டைக் காலி பண்ணினப்போ பெயிண்டிங்குக்குன்னு ஒரு மாச வாடகை பிடிச்சாங்க. அடுத்து குடி வந்தவரை ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்தேன். என் பையன் ஹால் சுவத்துல வரைஞ்ச யானை அப்படியே இருக்காம்!

தண்ணியை நிறுத்தறது, கரண்ட்டைப் பிடுங்கறது கூடாது. ஓனர் உள்ளே வந்து பார்க்கணும்னா 24 மணி நேரம் முன்னாடி எழுத்துல சொல்லணும். இதெல்லாமும் இருக்கு. பதினோரு மாச அக்ரிமென்ட் போட்டா பதிவு வேண்டாம்னு இன்னும் நினைக்கிறாங்க. அது 1908 பதிவுச் சட்டத்துக்கான பழைய சாமர்த்தியம். இப்ப எத்தனை மாசமா இருந்தாலும் எழுத்துல போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதியணும். கையெழுத்துக்கு முன்னாடி "பெயிண்டிங்" என்ற வார்த்தை எங்க ஒளிஞ்சிருக்குன்னு மட்டும் ஒருதடவை தேடிப் பாருங்க.

டிஸ்கி: ஊர்ல எங்கப்பாவும் ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கார். அட்வான்ஸ் ரெண்டு மாசம்தான் வாங்கியிருக்கார். மூணு வரைக்கும் போகலாம்னு அவர்கிட்ட யாரும் சொல்லிடாதீங்க :-)