நிதி நின்றால் உரிமையும் நிற்குமா?

வளரும் நாடுகளில் தொழிலாளர் உரிமைத் திட்டங்களுக்குக் கொடுத்துவந்த நிதியை 2025 மார்ச்சில் அமெரிக்கத் தொழிலாளர் துறை நிறுத்திவிட்டது. ‘ரெட்டியார்சத்திரத்தில் மில் வேன் ஏறுகிற பெண்ணுக்கு இதில் என்ன?’ என்கிறீர்களா?

இதே திண்டுக்கல் மாவட்டத்தில், 2021 ஜனவரியில் ஆயத்த ஆடை ஆலைப் பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். அதன்பின் 2022-ல் தொழிற்சங்கம், ஆலை நிர்வாகம், ‘எச் அண்ட் எம்’ போன்ற நிறுவனங்கள் போட்டதுதான் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’. பயிற்சி பெற்ற தொழிலாளிகளே கண்காணித்தார்கள். முதல் ஆண்டில் வந்த 185 புகார்களில் 98 சதவீதம் தீர்ந்தன.

பயிற்சிக்குப் பணம் வேண்டும். வெளியிலிருந்து வராவிட்டால், நம் அரசு தரட்டும்.

சட்டம் ஏற்கெனவே நம் பக்கம்தான். 10 பேர் வேலை செய்தாலே உள்ளகப் புகார் குழு கட்டாயம் என்கிறது 2013-ம் ஆண்டுச் சட்டம். உங்கள் மில்லில் அந்தக் குழுவில் யார் யார்? நாளைக்கே கேளுங்கள். அவசரத்துக்கு 181.