கண்டன்சர் மேல் எழுதியிருப்பதும் கருவி காட்டுவதும்

கம்பம், சின்னமனூர், போடி என்று எந்த ஊரின் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள்: பழுப்பு நிறத்தில் ஒரு பொடிசான செராமிக் கண்டன்சர், அடியில் இரண்டு கம்பிக் கால்கள், மேலே 102 என்று அச்சு. பத்துக்குப் பின்னால் இரண்டு சுழியம் போட்டால் ஆயிரம் பிக்கோஃபேரட். தொழில் பழகிய மெக்கானிக் இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அதே கண்டன்சரைக் கோடை பண்பலை ஒலிபரப்பாகும் 100.5 மெகாஹெர்ட்ஸில் வைத்துப் பார்த்தால் அது கண்டன்சரே இல்லை. காயில்.

குற்றவாளி அந்த இரண்டு கால்கள்தாம். கம்பியின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு நானோஹென்றி இண்டக்டன்ஸ் உண்டு. இரண்டு காலும் சேர்ந்து 10 மில்லிமீட்டர் நீண்டிருந்தால் 10 நானோஹென்றி. 50 மெகாஹெர்ட்ஸ் அருகே உள்ளே இருக்கும் கண்டன்சரும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காயிலும் ஒன்றையொன்று அடித்துச் சமனாகிவிடுகின்றன. அதற்கு மேலே காயிலின் கை ஓங்கிவிடும். மல்டிமீட்டருக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. மிகக் குறைந்த அதிர்வெண்ணில் அளந்துவிட்டு, “சரியாகத்தான் இருக்கிறது” என்று நற்சான்றிதழ் கொடுத்துவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க வைக்கும் கருவிக்கு வெக்டர் நெட்வொர்க் அனலைசர் என்று பெயர், சுருக்கமாக வி.என்.ஏ. ஒரு பாகத்துக்குள் சிக்னலை அனுப்பி, எவ்வளவு திரும்பி வருகிறது, எந்தக் கட்டத்தில் திரும்பி வருகிறது என்று அதிர்வெண் அதிர்வெண்ணாக அளந்து சொல்லும். ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் 1967-ல் 8410 என்ற மாடலையும் 1984-ல் 8510 என்ற மாடலையும் கொண்டுவந்தது. இவை மேசையை அடைத்துக்கொள்ளும் பெட்டிகள். ஆய்வகத் தரத்தில் வாங்க வேண்டுமென்றால் இன்றைக்கும் பல லட்சம் ரூபாய் ஆகும். அதனால்தான் இது பெரிய ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் பாதுகாப்புத் துறைக்கும் உரிய கருவியாகவே வெகுகாலம் இருந்தது.

அந்த நிலைமையை மாற்றியவர் எடி555 என்ற புனைபெயரில் இயங்கும் ஜப்பானியப் பொறியாளர். 2016 வாக்கில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு வி.என்.ஏ.வை வடிவமைத்து, அதன் சுற்றுப் படத்தையும் மென்பொருளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார். 2019-ல் சீனாவில் ஹியூகென் என்பவர் அதை மெருகேற்றித் தயாரிப்புக்குக் கொண்டுபோனார். நானோ வி.என்.ஏ. என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது அதுதான். உள்ளே விசேஷமான பாகம் எதுவும் இல்லை. கடிகாரத் துடிப்பு தரும் ஒரு சிப், பழைய ரேடியோக்காரர்களுக்கு நன்கு பழக்கமான எஸ்.ஏ.612 மிக்சர் மூன்று, பாட்டுக் கேட்கும் கருவிகளில் இருக்கும் வகையைச் சேர்ந்த ஓர் ஆடியோ சிப், ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலர். அவ்வளவுதான். 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கும். இந்தியச் சந்தையில் இன்று பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. கல்லூரி மாணவர் சட்டைப்பையில் வைத்திருக்கும் மொபைலின் விலை பெரும்பாலும் இதைவிட அதிகம்.

அந்த 102 கண்டன்சரை இதில் மாட்டினால் நடப்பதைப் பார்க்கலாம். எஸ்.எம்.ஏ. கனெக்டர் ஒன்றின் நடு ஊசியில் ஒரு காலையும், வெளி உலோகத்தில் மறு காலையும் ஈயம் வைத்து ஒட்டவேண்டும். திரையில் வட்டமாகத் தெரிவது ஸ்மித் சார்ட். பெல் ஆய்வகத்தின் ஃபிலிப் ஸ்மித் 1939-ல் வெளியிட்டது. குறைந்த அதிர்வெண்ணில் கோடு வட்டத்தின் வலது ஓரத்தில் தொடங்கும். அதிர்வெண் ஏற ஏற, கண்டன்சருக்கு உரிய கீழ்ப்பாதி வழியாக ஊர்ந்து இடது ஓரத்துக்கு வரும். 50 மெகாஹெர்ட்ஸ் அருகே அங்கே நடுக்கோட்டைத் தாண்டி, காயிலுக்கு உரிய மேல்பாதிக்குள் ஏறிவிடும். மார்க்கரை 1 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் ஆயிரம் பிக்கோஃபேரட். 30 மெகாஹெர்ட்ஸுக்கு நகர்த்தினால் சுமார் 1,550. கோடை பண்பலையின் அதிர்வெண்ணுக்குக் கொண்டுபோனால் பிக்கோஃபேரட் கணக்கே போய், ஏறத்தாழ 7.5 நானோஹென்றி என்று வந்து நிற்கும். கால்களை ஒட்ட நறுக்கிவிட்டு மறுபடி அளந்தால் கோடு நடுக்கோட்டைத் தாண்டும் இடமே மேலே தள்ளிப்போய்விடும்.

இந்த 1,550 என்ற எண்தான் முக்கியம். நம் கல்லூரி ஆய்வகங்களில் வளர்ந்த மாணவர் அதைப் பார்த்ததும் கருவி கெட்டுப்போய்விட்டது என்பார், இல்லையென்றால் “ரீடிங் வரலை சார்” என்பார். ஏனென்றால் என்ன ரீடிங் வரவேண்டும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். “அண்ணே, உங்க ரெக்கார்டு நோட்டு குடுங்க” என்று சீனியரிடம் வாங்கி, அட்டவணையை நிரப்பி, மாடல் கிராஃபைப் பார்த்து வளைவை வரைந்து, கையெழுத்து வாங்கிவிடுவதற்குத்தான் பெரும்பாலான இடங்களில் செய்முறை என்று பெயர். நுண்ணலை ஆய்வகங்களில் ரிஃப்ளெக்ஸ் கிளைஸ்ட்ரான் பெஞ்சை வைத்துக்கொண்டு எத்தனையோ தலைமுறை தேர்வு எழுதிவிட்டது. அந்தக் குழல் இரண்டாம் உலகப் போர் கால ரேடாரின் வாரிசு. ஒரே ஒரு பெஞ்ச் இருக்கும், அதைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். ஒருவர் திருகுவார், ஒருவர் எழுதுவார், மிச்சப் பேர் சாப்பாட்டு மணி எப்போது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தமிழ்நாட்டின் எலெக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதி 2024–25 நிதியாண்டில் 1,400 கோடி டாலரைத் தாண்டியது. நாட்டிலேயே முதலிடம். மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு போனைப் பூட்டி அனுப்புவது ஒரு வேலை. அதன் ஆன்டெனா ஏன் சரியாகப் பேசவில்லை என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. இரண்டாவது வேலைக்கு வேண்டியது, எதிர்பார்த்த எண் வராதபோது அதன் பின்னாலேயே போகிற பழக்கம். “கருவி இல்லை, காசு இல்லை” என்ற சாக்கு 2019-லேயே செத்துவிட்டது. பாடத்திட்டத்துக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

போடி ஏலக்காய் வியாபாரிகளுக்கு இந்தக் கருவியின் முதல் பாடத்தைச் சொல்லித்தரவே வேண்டாம். எடை போடுமுன் தராசை நேர் பார்ப்பார்கள், போட்டபின் சாக்கின் எடையைக் கழிப்பார்கள். வி.என்.ஏ.விலும் அதே கணக்குதான். ஓப்பன், ஷார்ட், லோடு என்று மூன்று சின்னத் திருகு மூடிகள் கூடவே வரும். லோடு என்பது துல்லியமான 50 ஓம். பாகத்தை மாட்டப்போகும் அதே இடத்தில் இம்மூன்றையும் ஒவ்வொன்றாகத் திருகி அளந்துவிட்டால், இடையில் உள்ள கேபிளையும் கனெக்டரையும் கருவி கணக்கிலிருந்து கழித்துவிடும். இந்த காலிபரேஷனை விட்டுவிட்டு எடுக்கும் ரீடிங், கண்டன்சரைவிடக் கேபிளைப் பற்றித்தான் அதிகம் பேசும். கேபிளை மாற்றினாலும் அதிர்வெண் எல்லையை மாற்றினாலும் மறுபடி முதலிலிருந்து செய்யவேண்டும். சலிப்பான வேலைதான். செமஸ்டரில் ஒரு முழு மாதத்தை இதற்கே கொடுத்தாலும் தகும்.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் கருவிக்கு வேலை இல்லையா என்ன? மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். சிக்னலுக்கு மலை பெரிய எதிரி. கோடை பண்பலைக்கு மொட்டை மாடியில் ஓர் அலுமினியக் குழாய் ஆன்டெனா கட்டவேண்டும் என்றால் மொத்த நீளம் சுமார் 1 மீட்டர் 42 சென்டிமீட்டர் என்று கணக்கு சொல்லும். பக்கத்தில் தகரக் கூரையோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் கணக்கு பிசகும். எங்கே பிசகியது, எத்தனை சென்டிமீட்டர் நறுக்கினால் சரியாகும் என்பதைத் திரையில், திரும்பி வரும் சிக்னலின் கோட்டில் விழும் பள்ளமே காட்டிக்கொடுக்கும்.

ஏலத்தோட்டத்தில் மண் ஈரத்தை அளந்து தகவல் அனுப்பும் லோரா சென்சார்களும் அப்படித்தான். இந்தியாவில் உரிமம் இல்லாமல் அவை பேசக்கூடிய அலைவரிசை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். அதற்கான கால் அலை ஆன்டெனா சுமார் எட்டரை சென்டிமீட்டர்தான். அமெரிக்கச் சந்தைக்கென்று 915 மெகாஹெர்ட்ஸுக்குச் செய்த ஆன்டெனாவும் இங்கே விற்பனைக்கு வருகிறது. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வி.என்.ஏ.வில் மாட்டினால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். தெரியாமல் வாங்கிய விவசாயியோ சென்சாரைத்தான் குறை சொல்வார்.

கம்பமும் போடியும் இருக்கும் இதே மாவட்டத்தில்தான் பொட்டிபுரம் இருக்கிறது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த நியூட்ரினோ ஆய்வகத்துக்குக் குறித்த இடம் அங்கே உள்ள மலை. 50,000 டன் காந்த இரும்பு அடுக்குகளுக்கு நடுவே சுமார் 28,800 கண்ணாடித் தகட்டு உணர்கலங்களை வைப்பதாகத் திட்டம். ஒவ்வொன்றின் மேலும் கீழும் 3 சென்டிமீட்டருக்கு ஒன்றாக உலோகப் பட்டைகள். ஆகமொத்தம் 36 லட்சத்துக்கும் மேற்பட்ட சிக்னல் வழிகள். பட்டையின் மின்மறுப்பு 50 ஓம் அளவில் பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் துடிப்பில் ஒரு பகுதி முனையில் மோதித் திரும்பி வரும், நானோநொடிக் கணக்கெல்லாம் கலங்கிவிடும். சூழல் கேள்விகளும் மக்களின் அச்சமும் வழக்குகளும் சேர்ந்து திட்டத்தை நிறுத்தின. அனுமதிக்க முடியாது என்று தமிழ்நாடு அரசு 2022-ல் உச்ச நீதிமன்றத்திலேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்மானம் சரியா தவறா என்பது தனி விவாதம்; இந்தக் கட்டுரை அதற்குள் போகவில்லை. மதுரைக்கு மேற்கே வடபழஞ்சியில் 85 டன் எடையில் ஒரு சிறு மாதிரி இயங்கியது. மலைக்குள் ஆய்வகம் வந்தாலும் வராவிட்டாலும், ஒரு பட்டையில் போன துடிப்பு ஏன் திரும்பி வருகிறது என்பதைக் கற்க நியூட்ரினோ தேவையில்லை. அரை மீட்டர் கேபிளும் கையடக்க வி.என்.ஏ.வும் போதும்.

அதற்காக எல்லாவற்றையும் இதில் அளக்கலாம் என்று கிளம்பிவிடக் கூடாது. திராட்சைத் தோட்டத்து மோட்டாரின் ஸ்டார்ட்டிங் கண்டன்சர் 72 மைக்ரோஃபேரட் என்று வைத்துக்கொள்வோம். கருவியின் ஆகக் குறைந்த அதிர்வெண்ணான 50 கிலோஹெர்ட்ஸிலேயே அதன் எதிர்ப்பு 0.05 ஓமுக்கும் கீழே. 50 ஓமைச் சுற்றிக் கட்டிய கருவிக்கு அது வெறும் ஷார்ட்டாகத்தான் தெரியும். அந்த வேலைக்கு சாதாரண கண்டன்சர் மீட்டரே போதும். சில ஓம் முதல் ஆயிரம் ஓம் வரையில்தான் நானோ வி.என்.ஏ.வை நம்பலாம். 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே சிக்னலின் மடங்குகளை வைத்து ஒப்பேற்றுவதால் துல்லியமும் குறையும். மலிவு விலை நகல்களில் சில, உள்ளே இருக்கவேண்டிய உலோக மறைப்புகூட இல்லாமல் வருகின்றன. எஸ்டேட் வாக்கி டாக்கியை இதன் முனையில் நேரடியாக மாட்டிப் பட்டனை அழுத்தினால் அத்தோடு கதை முடிந்தது. இது வெளியே அனுப்புவதே மில்லிவாட்டுக்குக் குறைவு. ஐந்து வாட்டை எங்கிருந்து தாங்கும்?

செய்யவேண்டியது பெரிய காரியம் அல்ல. 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் ஏற்கெனவே கல்லூரிகளுக்குள் திறன் பயிற்சியைக் கொண்டுபோகிறது. போடிநாயக்கனூர் அரசு பொறியியல் கல்லூரி போன்ற மாவட்டக் கல்லூரிகளில் மின்னணுத் துறைக்கு இந்த அளவீட்டையும் அதில் ஒரு பாடமாகச் சேர்க்கலாம். வகுப்பில் அறுபது பேர், இருவருக்கு ஒரு கருவி. ஒன்று பத்தாயிரம் என்று தாராளமாகவே வைத்தாலும் மொத்தம் மூன்று லட்சம். பாலிடெக்னிக்குகளுக்கும் இதே கணக்கு பொருந்தும். மதிப்பெண்ணை ரீடிங்குக்குக் கொடுக்காமல், ரீடிங் ஏன் அப்படி வந்தது என்று மாணவர் தன் கைப்பட எழுதும் அரைப் பக்கத்துக்குக் கொடுக்கவேண்டும். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நீளத்தில் கால் வெட்டிய கண்டன்சரைக் கொடுத்துவிட்டால் சீனியரின் ரெக்கார்டு நோட்டு எதற்கும் உதவாது.

கொள்முதல் பட்டியல் போடும் துறைத்தலைவர்கள் ஒன்றைக் கவனத்தில் வைக்கவேண்டும். எஸ்.எம்.ஏ. கனெக்டரின் ஆயுள் பொதுவாக ஐந்நூறு முறை மாட்டிக் கழற்றும் வரைதான். மாணவர்கள் கையில் அது ஓரிரு செமஸ்டருக்குமேல் தாங்காது. கருவியின் வாயில் ஓர் அடாப்டரை நிரந்தரமாக மாட்டிவிட்டு, தேய்வதெல்லாம் அதிலேயே தேயும்படி விட்டுவிடலாம். அடாப்டருக்கும் கேபிளுக்கும் காலிபரேஷன் மூடிகளுக்கும் ஆண்டுதோறும் தனியாக ஒரு தொகை ஒதுக்கிவைத்தால், மூன்றாம் ஆண்டில் முப்பது கருவிகளும் பீரோவுக்குள் போய் அடையாமல் இருக்கும்.