ஜூரி போயிற்று, பட்சபாதம் போயிற்றா?

"ஜூரி முறை ஒழிந்தது, அத்துடன் அநீதித் தீர்ப்பும் ஒழிந்தது" என்று நம்மவரிற் சிலர் பேசி வருகின்றனர். சிங்கப்பூரில், டேவிட் மார்ஷல் என்னும் பேர்பெற்ற வழக்கறிஞர் எதிர்த்து வாதாடியும், 1970-ல் ஜூரி முறை அடியோடு நீங்கிற்று. மலேசியாவில் 1995-ல் நீங்கிற்று. எழுவர் அமர்ந்த ஆசனங்கள் காலியாயின என்பது மெய்யே. அவ்வெழுவர் நெஞ்சிற் குடியிருந்த பட்சபாதமும் கூடவே எழுந்து போய்விட்டதா என்பதே நாம் கேட்கும் கேள்வி.

ஜூரர்கள் தவறியதுண்டு, மறுப்பாரில்லை. 1955-ல் அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாகாணத்தில், எம்மெட் டில் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கொன்றதாக இரு வெள்ளையர்மீது வழக்கு நடந்தது. சிறுவனுக்குப் பாட்டன் முறையினரான முதியவர் ஒருவர், உயிருக்கும் அஞ்சாமல் சாட்சி சொல்லி, அவனைத் தூக்கிச் சென்றவர்களைக் கைநீட்டிக் காட்டினார். ஜூரர்களாக அமர்ந்த வெள்ளையர் பன்னிருவரோ, ஏறக்குறைய ஒரு மணி நேரத்திற்குள் "குற்றவாளிகளல்லர்" என்றனர். மறு வருஷமே, விடுதலை பெற்ற அவ்விருவரும் பணம் வாங்கிக்கொண்டு, கொன்றது தாங்களே என்று ஒரு பத்திரிகைக்குச் சொன்னார்கள்!

இதன் காரணம் யாது? மனம் உழைப்புக்கு அஞ்சிக் குறுக்கு வழி தேடுகிறது. தோலின் நிறம், உடுத்த உடை, பேச்சின் வாடை, முதலிற் செவியில் விழுந்த கதை, இவற்றுள் ஒன்றைப் பற்றிக்கொண்டு முடிவு கட்டிவிடுகிறது. பிறகுதான் சாட்சியத்தைத் தேடுகிறது. ஒத்ததை ஏற்கும், ஒவ்வாததைத் தள்ளும்.

"நீதிபதி கற்றவராயிற்றே" என்பர். 2006-ல் வெளிவந்த ஜெர்மானிய ஆராய்ச்சியைப் பார்ப்போம். சட்டம் பயின்றவர்களைப் பகடை உருட்டச் செய்து, பின் ஒரு கடைத் திருட்டு வழக்கில் தண்டனை கூறச் சொன்னார்கள். 3 விழுந்தவர்கள் சராசரி ஏறக்குறைய 5 மாதம் கூறினர். 9 விழுந்தவர்களோ 8 மாதம் வரை கூறினர். பகடைக்கும் திருடனுக்கும் என்ன சம்பந்தம்? கல்வி மனத்தைக் கூர்மையாக்கலாம், கறையற்றதாக்கிவிடாது.

ஆயினும் ஒரு நன்மை உண்டு. ஜூரர்கள் ஒற்றைச் சொல்லில் தீர்ப்பளித்துக் கலைந்தனர். நீதிபதியோ காரணம் எழுத வேண்டும். எழுதிய காரணத்தை மேல் நீதிமன்றம் சோதிக்கலாம். பட்சபாதத்திற்கு மருந்து, காரணம் கேட்பதேயன்றி ஆளை மாற்றுவதன்று.

இந்த மருந்து நமக்கு வேண்டாமா? "தோட்டத்துப் பையனா? குண்டர் கும்பலாகத்தான் இருப்பான்" என்று பட்டணத்துத் தமிழர் தேநீர்க் கடையில் நாள்தோறும் தீர்ப்பளிக்கின்றனர். அச்சொல்லால் வேலை இழந்த இளைஞனுக்கு அப்பீல் ஏது? பிறர் நம்மை நிறம் பார்த்து எடைபோட்டால் கொதிக்கும் நாம், நம் பிள்ளைகளை முகவரி பார்த்து எடைபோடலாமா? இனி எவரேனும் அப்படிச் சொன்னால், "நீர் கண்ட சாட்சியம் யாது?" என்று அவ்விடத்திலேயே கேட்போம். விடை வராவிடில், அத்தீர்ப்பு அங்கேயே தள்ளுபடியாகட்டும்.