தொழில் அறிவோம்: உலாவியின்றி ஓடும் நிரல்

2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பெற்றன. அது முதல், நம் தங்கவயல் இல்லங்களிலிருந்து பலர் பிழைப்பை நாடி நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறிச் சென்று மீள்கின்றனர். கணிப்பொறித் தொழிலை நாடும் இளைஞரும் அவருள் உளர். அவர்பொருட்டே இத்திங்கள் இச்செய்தியை எடுத்துக்கொள்கிறோம்.

1995இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பார் வெளியிட்ட பி.எச்.பி. மொழி, இணையப் பக்கங்களை ஆக்குதற்கென்றே பிறந்தது. ஆதலின், உலாவியின் வாயிலாகவன்றி அதனை இயக்க இயலாது எனப் பயில்வோர் சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது. கட்டளை வரியில் இயக்குதற்குரிய தனி வடிவம், 2002ஆம் ஆண்டின் இறுதியில் வந்த 4.3ஆம் பதிப்பு முதல் இம்மொழியுடன் இயல்பாகவே வருகிறது.

இதனால் ஆம் பயன் யாது? ஒரு சங்கம் தன் உறுப்பினர் அனைவரின் ஆண்டுக் கணக்கையும் ஒருசேர ஆக்க விரும்புகிறது என்று கொள்வோம். உலாவி வழியே இயக்கினால் பி.எச்.பி. இயல்பாக 30 வினாடி எல்லை வகுக்கும். பணி பாதியில் நின்றுவிடக்கூடும். கட்டளை வரியிலோ அவ்வெல்லை இல்லை. மேலும், 'கிரான்' என்னும் கால ஒழுங்குக் கருவியிடம் ஒப்படைத்தால், நாம் உறங்கும்போதும் அப்பணி குறித்த நேரத்தில் நடைபெறும்.

செய்முறை எளிது. முனையத்தைத் திறந்து, பி.எச்.பி. என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டி, ஓர் இடம் விட்டுக் கோப்பின் பெயரை இடுக. பெயருக்குப் பின் எழுதும் சொற்கள் 'ஆர்க்வி' என்னும் வரிசையில் நிரலுக்குக் கிட்டும். கோப்பின் பெயருக்கு முன் சிறுகோடும் 'எல்' எழுத்தும் சேர்த்தால், நிரல் ஓடாது. அதன் இலக்கணப் பிழை மட்டும் சோதிக்கப்பெறும்.

எச்சரிக்கையும் வேண்டும். கால எல்லை இன்மையால், முடிவில்லாச் சுழலில் அகப்பட்ட நிரல் தானே நில்லாது; கண்ட்ரோல் விசையுடன் 'சி' விசையை அழுத்தி நிறுத்துக. இத்தகைய கோப்புகளை இணையத்தார் எட்டும் அடைவில் வைத்தலாகாது. வைத்தால், அயலார் எவரும் அவற்றை இயக்கிவிடக்கூடும்.

தமிழ் விக்கிப்பீடியாவைத் தாங்கும் மீடியாவிக்கி மென்பொருளும் பி.எச்.பி.யில் எழுதப்பெற்றதே. தரவுத்தளத்தைப் புதுப்பித்தல் முதலிய பராமரிப்புப் பணிகளுக்கு அதனுள்ளும் கட்டளை வரி நிரல்கள் அமைந்துள்ளன. நாம் காண்பது பக்கத்தை. அதனைக் காக்கும் உழைப்பு கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் நிகழ்கிறது. நிலத்தடி உழைப்பில் வளர்ந்த நம் குடும்பங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இம்மொழிக்கு விலை இல்லை. பழைய கணிப்பொறியே போதும். பெற்றோர்களே, பிள்ளை கருந்திரையில் வெள்ளெழுத்துகளைத் தட்டக் கண்டால் வீண்பொழுது என்று கடியாதீர். இளைஞர்களே, இன்றே ஒரு சிறு நிரலை இயக்கிப் பாருங்கள். பக்கம் ஆக்கத் தெரிந்தவரினும், அதன் பின்னின்று பணிகளை நடத்தவும் தெரிந்தவருக்கே வேலைவாய்ப்பு மிகுதி.