ஏன் எழுதுகிறீர்கள் டீச்சர்?

மலர்க் குழு மாணவிகள் ஒரு கேள்வித்தாளைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எப்போது எழுதுவீர்கள்? எப்படி எழுதுவீர்கள்? ஏன் எழுதுகிறீர்கள்? எழுத்தில் என்ன சாதிக்க ஆசை? நான் பெரிய எழுத்தாளர் இல்லை. இருபது சிறுகதைகள் அச்சில் வந்திருக்கும், புத்தகம் ஒன்றும் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லத்தானே வேண்டும்.

முதலிரண்டு கேள்விகளும் லேசு. சுபஹ் தொழுகை முடிந்து, குசினிக்குள் போகுமுன் கிடைக்கிற முக்கால் மணி நேரம்தான் எனக்குரியது. சீ.ஆர். கொப்பியின் வலப்பக்கத்தில் மட்டும் எழுதுவேன். இடப்பக்கம் வெறுமையாய்க் கிடக்கும், பிறகு நினைவு வருவதற்காக. 'மனம் வரட்டும்' என்று காத்திருந்த காலத்தில் நான் ஒரு வரியும் எழுதவில்லை. டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே எழுத்தாளரானவர். 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கி, பிரதிகளைத் தாமே காவிக்கொண்டு போய் விற்றார். அவருக்கு வாய்த்த நேரத்தைவிட நமக்கு அதிகமாகவே இருக்கிறது.

'ஏன்' என்ற கேள்விக்குத்தான் நான் மண்டைதீவு வரை போக வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்தால் முதலில் வருகிற தீவு அது. வாப்பா பழைய இரும்பு வாங்கி விற்பவர். பள்ளிக்கூட விடுமுறையில் என்னையும் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு அங்கே போவார். இரண்டு பக்கமும் கடல், நடுவே தெரு, எதிர்க்காற்றில் வாப்பாவின் மூச்சு வாங்கும் சத்தம். வீடு வீடாக நின்று உடைந்த நங்கூரம், துருப்பிடித்த வாளி எல்லாம் நிறுப்பார். ஒரு ஆச்சி எனக்கு எப்போதும் புழுக்கொடியல் தருவா.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி எங்களை யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறச் சொன்னார்கள். சில மணி நேரம்தான் அவகாசம். எனக்கு எட்டு வயது. அதன்பின் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தேன். 2003இல் அந்த நாளைப் பற்றி ஒரு கதை எழுதினேன், அதற்குப் பரிசும் கிடைத்தது. பரிசளிப்பு முடிந்து வெளியே வரும்போது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கிட்ட வந்தார். மண்டைதீவுக்காரர். கதையை மெச்சினார். பிறகு மெல்லக் கேட்டார்: "பிள்ளை, உங்கட வாப்பாவுக்கு இரும்பு நிறுத்துத் தந்த ஆக்கள் அந்த வருசம் எங்க இருந்தவை?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அதுதான் கொடுமை. 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதிக்குள் இறங்கியது. மண்டைதீவு, அல்லைப்பிட்டி இளைஞர்கள் பலர் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போனார்கள். மற்றவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். எங்கள் தெருவுக்கு அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் வந்து தங்கிய குடும்பம் ஒன்றுக்கு உம்மா சோறு கட்டிக் கொடுத்ததும், நான் கூடப் போனதும் நன்றாக நினைவிருந்தது. கதையில் அதை வேண்டுமென்றேதான் விட்டேன். எழுதினால் கதையின் கூர் மழுங்கிவிடும் என்று பயந்தேன். என் கதையில் வந்த ஒரே தமிழர் துவக்கோடு நின்றவர்.

இரண்டு துயரத்தையும் தராசில் போடச் சொல்லவில்லை. எங்களை விரட்டியது அநியாயம், அதில் ஒரு குண்டுமணி அளவையும் குறைத்துப் பேச விடமாட்டேன். ஆனால் இரண்டு மாத இடைவெளியில் அடுத்த கரையிலிருந்து ஓடி வந்தவர்களைத் தெரிந்துகொண்டே அழித்துவிட்டு எழுதிய கதைக்கு நான் பரிசு வாங்கினேன். இன்றைக்கும் அந்தச் சான்றிதழைச் சுவரில் மாட்ட மனம் வரவில்லை.

பின்னர்தான் மு. தளையசிங்கத்தைக் கவனித்துப் படித்தேன். அதே தீவுத் தெருவின் வழியே இன்னும் மேற்கே போனால் வரும் புங்குடுதீவில் 1935இல் பிறந்தவர். ஆசிரியர். 'போர்ப்பறை', 'மெய்யுள்' நூல்களைப் படிப்பது எளிதல்ல. அவர் சொன்ன தத்துவம் எல்லாம் எனக்கு உடன்பாடு என்றும் சொல்லமாட்டேன். அவர் செய்த ஒரு காரியம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. நல்ல தண்ணீருக்குத் தவிக்கும் தீவு அது. அங்கே கோயில் கிணற்றில் தண்ணீர் அள்ள ஒடுக்கப்பட்ட சாதி மக்களை விடவில்லை. 1971இல் அவர்களுக்காகச் சத்தியாக்கிரகம் செய்து, பொலிஸாரிடம் அடி வாங்கினார். 1973இல் இறந்துபோனார். எழுதுவது ஒன்று, வாழ்வது வேறொன்று என்று பிரித்து வைக்க அவருக்குத் தெரியவில்லை. தன் தாகத்தை மட்டும் எழுதியிருந்தால் யாரும் அவரை அடித்திருக்க மாட்டார்கள்.

நமது போட்டிக் கதைகளைத் திருத்தும்போது இதைத்தான் தேடுகிறேன். உம்மாவின் தியாகம், வறுமை, வெள்ளம், சீதனம் எல்லாம் நன்றாகவே வருகின்றன. பக்கத்து வீட்டுக்காரரை மட்டும் காணவில்லை. நம் வீட்டில் வேலை செய்பவளின் கதையை ஒரு பிள்ளையாவது எழுதட்டும், முதற்பரிசுக்கு நான் வாதாடுவேன்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகளின் கொப்பியை ஒளித்தெடுத்து வாசிக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. என் வீட்டிலும் இருந்தது. பதினைந்து வயதில் உம்மா என் கொப்பியை வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டா. நான் இரண்டு வருடம் எழுதவில்லை. பயம் உங்களுக்கு இருக்கும், எனக்கும் இரண்டு மகள்மார். ஆனால் வீட்டார் வாசித்துவிடுவார்கள் என்று பயந்து எழுதும் பிள்ளை, பொய் சொல்லத்தான் முதலில் பழகும். நான் 2003இல் செய்தது அதன் இன்னொரு வடிவம் என்றே நினைக்கிறேன்.

என்ன சாதிக்க ஆசை என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்த ஓகஸ்டும் அந்த ஒக்டோபரும் ஒரே கதைக்குள் வர வேண்டும். நாலு தரம் தொடங்கி நாலு தரமும் கிழித்துவிட்டேன். உம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "பழசைக் கிளறி என்னத்தைக் காணப்போறாய் மகள்?" என்பா. போன மாதம் அவவே குசினியில் இருந்து கூப்பிட்டு, "அந்தப் புள்ளைகளில சின்னவனுக்குக் காய்ச்சல், கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தனான், ஞாபகமா?" என்று கேட்டா. எனக்கு ஞாபகமில்லை. கொப்பியை எடுத்து இடப்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.