அல்வரீன்யோ திராட்சை: பெயர் யாருக்குச் சொந்தம்?

ஒரு பயிர் இரகத்தைப் பல தலைமுறைகளாக வளர்த்து, அதற்கு நல்ல பெயரும் நல்ல விலையும் தேடிக் கொடுத்தவர்கள் ஒரு சிறு வட்டாரத்து விவசாயிகள். பெயர் வந்தபின் பக்கத்து வட்டாரத்தவர்களும் அதே இரகத்தை நட்டு, அதே பெயரில் விற்க முன்வந்தால் என்ன செய்வது? தடுப்பதா, விட்டுக் கொடுப்பதா? ஐரோப்பாவில் போர்த்துகல் நாட்டின் வடகோடியில் அல்வரீன்யோ என்னும் வெள்ளைத் திராட்சையைக் குறித்து இந்தப் பிணக்கு நெடுநாள் நடந்தது. 2015-ஆம் ஆண்டில் அது ஓர் உடன்பாட்டில் முடிந்தது. அந்த உடன்பாட்டில் நியாயம் உண்டு, குறையும் உண்டு. கையளவு நிலத்தில் பெயர்பெற்ற பயிரை வளர்க்கும் எந்த விவசாயியும் இரண்டையும் அறிந்து வைத்திருத்தல் நல்லது.

வட்டாரமும் விவசாயிகளும்

போர்த்துகலின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலையொட்டி அமைந்தது வீன்யோ வெர்தே என்னும் திராட்சைப் பகுதி. ‘பச்சை ஒயின்’ என்பது இப்பெயரின் பொருள். நிறத்தைக் குறிப்பதல்ல, இளமையாக, புதிதாக இருக்கும்போதே குடிக்கப்படும் ஒயின் என்பதே கருத்து. 1908-ஆம் ஆண்டிலேயே அரசு இப்பகுதியின் எல்லையை வரையறுத்துச் சட்டம் செய்தது.

மழை மிகுந்த நாடு அது. கருங்கல் சிதைந்து உண்டான மண். நிலமோ துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது. பெரும்பாலோர் கையில் இருப்பது ஒரு எக்டேரையொட்டிய நிலம்தான். எனவே முற்காலத்தில் வயலின் நடுவில் மக்காச்சோளமும் அவரையும் பயிராகும். திராட்சைக்கு வரப்பு ஓரம்தான் கிடைக்கும். கொடியை மரத்தில் ஏற்றி விடுவார்கள். அல்லது கருங்கல் தூண் நட்டுப் பந்தலிட்டுப் படர விடுவார்கள். உயரத்தில் காய்ப்பதால் காற்றோட்டம் கிடைக்கும். ஈரத்தால் வரும் பூஞ்சாண நோய் சற்றுக் குறையும். பந்தலுக்கு அடியிலும் காய்கறி விளையும். சிறு நிலத்தில் குடும்பம் பிழைப்பதற்கு ஏற்ற முறை அது.

இப்பகுதியின் வடக்கு எல்லை மீன்யோ ஆறு. ஆற்றுக்கு அக்கரை ஸ்பெயின் நாட்டின் கலீசியா. இக்கரையில் மொன்சாவ், மெல்காசோ என்று இரண்டு ஊர்கள் உள்ளன. இவ்விரு ஊர்களின் வட்டாரத்தைச் சுற்றிலும் மலைகள் இருப்பதால் கடலின் குளிர்காற்று நேரே வந்து தாக்குவதில்லை. கோடை மற்ற இடங்களைவிட வெப்பமாகவும் வறட்சியாகவும் இருக்கும். இந்த மண்ணிலும் இந்தத் தட்பவெப்பத்திலும்தான் அல்வரீன்யோ பெயர் பெற்றது.

இரகத்தின் குணம்

அல்வரீன்யோ மகசூலை வாரிக் கொடுக்கும் இரகம் அல்ல. குலை சிறியது, பழமும் சிறியது. தோல் தடிப்பு, விதை அதிகம். ஆகவே பிழிந்தால் கிடைக்கும் சாறு குறைவு. கொடியைக் குட்டையாக வெட்டிவிடாமல், கிளையை நீளமாக விட்டுக் கவாத்து செய்வது வழக்கம். எடையை மட்டும் பார்க்கும் விவசாயி இதைத் திரும்பியும் பார்க்கமாட்டார்.

ஆனால் இதற்கு ஓர் அரிய குணம் உண்டு. பொதுவாகத் திராட்சை பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும்; புளிப்பு இறங்கும். இனிப்பு வேண்டுமென்று காத்திருந்தால் புளிப்புப் போய்விடும்; புளிப்பு வேண்டுமென்று முன்னதாகப் பறித்தால் இனிப்பும் மணமும் இருக்காது. அல்வரீன்யோவில் சர்க்கரை நன்றாக ஏறிய பிறகும் புளிப்பு குன்றாமல் நிற்கிறது. அந்தப் புளிப்புதான் ஒயினுக்கு நாக்கில் சுரீரென்ற துடிப்பைத் தருகிறது. சில ஆண்டுகள் வைத்திருந்தாலும் கெடாமல் காக்கிறது. சாதாரண வீன்யோ வெர்தே ஒயினில் சாராய அளவு 8 முதல் 11.5 விழுக்காடு வரை இருக்கும். அல்வரீன்யோவுக்கு மட்டும் 11.5 முதல் 14 விழுக்காடு வரை என்று தனி விதியே உண்டு. இதிலிருந்தே இதன் பழம் எவ்வளவு நன்றாக முற்றுகிறது என்பது விளங்கும்.

பெயர் வந்த விதம்

இந்தப் பெயர் ஒரே நாளில் வந்ததல்ல. ஒரு தலைமுறைக்கு முன்பு வரை வீன்யோ வெர்தே பகுதியில் சிவப்பு ஒயினே மிகுதி. அல்வரீன்யோ பிற இரகங்களோடு கலந்து வரப்போரத்தில் நின்ற கொடிதான். 1958-ஆம் ஆண்டில் மொன்சாவ் ஊரில் 25 விவசாயிகள் கூடிக் கூட்டுறவு ஒயின் ஆலை ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு வண்டிப் பழம் மட்டுமே உள்ளவரும் கொண்டுவந்து போடுவதற்கு ஓர் இடம் கிடைத்தது. இன்று அதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ளனர்.

மெல்காசோவில் ஒரு விவசாயக் குடும்பம் 1974-இல் அல்வரீன்யோவை மட்டுமே தனித் தோட்டமாக நட்டது. வரப்போரப் பயிர் வயலின் நடுவுக்கு வந்தது. அக்குடும்பம் 1982-இல் சுவல்யெய்ரோ என்ற பெயரில் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. இதற்கிடையே மொன்சாவ் அருகிலுள்ள பிரெஜோய்ரா மாளிகைத் தோட்டத்தின் அல்வரீன்யோ ஒயினும் 1976 முதல் புட்டியில் வரத் தொடங்கியிருந்தது. மற்ற இரகப் பழங்களைவிட அல்வரீன்யோ பழத்துக்குக் கூடுதல் விலை கிடைத்தது. குறைந்த மகசூலை அந்த விலை ஈடு செய்தது. துண்டு நிலக்காரர்கள் ஊரைவிட்டுப் பிழைப்புத் தேடிப் போகாமல் தங்கியதற்கு இந்த இரகமும் ஒரு காரணம் என்றால் மிகையாகாது.

பிணக்கு

‘வீன்யோ வெர்தே’ என்ற பகுதிப் பெயரோடு ‘அல்வரீன்யோ’ என்ற இரகப் பெயரையும் சேர்த்து ஒயின் புட்டியில் அச்சிடும் உரிமை மொன்சாவ், மெல்காசோ வட்டாரத்துக்கு மட்டுமே இருந்தது. அதே பகுதியின் மற்ற வட்டாரத்தார் அல்வரீன்யோவை நடலாம், ஒயினும் செய்யலாம். ஆனால் பகுதியின் பெயரை விட்டுவிட்டு ‘மீன்யோ வட்டார ஒயின்’ என்ற தாழ்ந்த தரப் பெயரில்தான் விற்க வேண்டும்.

இதில் ஒரு முரண்பாடு இருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் கலீசியாவில் இதே திராட்சைக்கு அல்பரீன்யோ என்று பெயர். அங்கே 1988-ஆம் ஆண்டில் ரியாஸ் பாய்ஷாஸ் என்ற பகுதி வரையறுக்கப்பட்டு, அந்த ஒயின் உலகச் சந்தையில் நன்றாகப் பரவியது. போர்த்துகலின் தென்பகுதியிலும், அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும்கூட இக்கொடி நடப்பட்டு இதன் பெயரிலேயே விற்பனையாயிற்று. தொலைவில் உள்ளவருக்கு இல்லாத தடை பக்கத்து ஊர்க்காரருக்கு இருந்தது.

மொன்சாவ், மெல்காசோ விவசாயிகளின் அச்சமும் பொய்யல்ல. மற்ற வட்டாரங்களில் பெரிய தோட்டங்கள் உண்டு. சமநிலத்தில் இயந்திரம் கொண்டு சாகுபடி செய்து மலிவாகக் கொண்டுவந்து கொட்டினால், அல்வரீன்யோ என்றாலே மலிவுச் சரக்கு என்றாகிவிடும். அப்போது அடிபடுபவர் பெரிய ஆலைக்காரர் அல்லர். எடைமேடையில் கூடையோடு நிற்கும் சிறு விவசாயிதான்.

உடன்பாடு

2015-ஆம் ஆண்டு சனவரியில் இரு தரப்பாரும் உடன்பட்டார்கள். அல்வரீன்யோவை மட்டும் கொண்டு செய்த ஒயினை அப்பெயரிலேயே விற்கும் உரிமை பகுதி முழுவதற்கும் உண்டு. ஆனால் உடனே அல்ல, ஆறு ஆண்டுகள் கழித்தே. பிற இரகங்களோடு கலந்த ஒயினில் அல்வரீன்யோ பெயரைப் போட வேண்டுமானால் அதில் குறைந்தது 30 விழுக்காடு அல்வரீன்யோ இருக்க வேண்டும். மொன்சாவ், மெல்காசோ என்ற ஊர்ப் பெயர் அந்த வட்டாரத்தாருக்கே உரியது. அவ்வட்டாரத்தின் பெயரை உலகில் பரப்புவதற்கு 30 இலட்சம் யூரோ செலவிடப்படும்.

எது நியாயம்?

இங்கே ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரகத்தின் பெயர் வேறு. ஊரின் பெயர் வேறு. இரகம் என்பது கொடி. ஒரு குச்சி கிடைத்தால் எங்கும் போகும். அதற்கு வேலி போட முடியாது. ஊர் எங்கும் போகாது. அந்த மலை, அந்த மண், அந்தக் கோடை வெப்பம், அந்த மனிதர்களின் கைப்பழக்கம் ஆகியவற்றைக் குச்சியோடு சேர்த்து எடுத்துச் செல்ல எவராலும் இயலாது. எனவே சட்டத்தின் காவல் ஊர்ப் பெயருக்கே இருத்தல் வேண்டும். இரகப் பெயரைப் பூட்டி வைத்து அதன் நிழலில் வாழ்வது நெடுநாள் நடக்காது.

காலமும் அதையே காட்டுகிறது. போர்டோ கலவையைத் தெளிக்காத திராட்சைத் தோட்டம் அரிது. அக்கலவைக்குப் பெயர் தந்த ஊர் பிரான்சின் போர்டோ. தம் பழைய இரகங்களைத் தவிர வேறெதையும் அனுமதிக்காத அந்தப் போர்டோவே, வெப்பம் ஏறிவருவதைக் கண்டு 2021-ஆம் ஆண்டில் ஆறு புதிய இரகங்களைச் சோதனை முறையில் ஏற்றது. அவற்றுள் ஒன்று அல்வரீன்யோ. தோட்டத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் நடக்கூடாது, ஒயினில் 10 விழுக்காட்டுக்கு மேல் கலக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. ஆயினும் கதவு திறந்துவிட்டது. வெயிலிலும் புளிப்பு குன்றாத இரகத்தை இனி எல்லா நாடுகளும் தேடும். பக்கத்து ஊரை மட்டும் தடுத்து என்ன பயன்?

ஆகவே 2015-ஆம் ஆண்டு உடன்பாடு சென்ற திசை சரியானதே. உழைத்துப் பெயர் ஈட்டியவர்களுக்கு ஆறு ஆண்டு அவகாசம் தந்ததும் சரி. ஆனால் பணத்தைச் செலவிட முடிவு செய்த வகையில் குறை உள்ளது. விளம்பரப் பணம் புட்டியின் பெயரை உயர்த்தும். குலையின் விலையை உயர்த்துமா? 750 மில்லி புட்டி ஒன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பழம் வேண்டும். அந்தப் புட்டி எவ்வளவு விலைக்குப் போனாலும், கிலோவுக்கு இவ்வளவு என்று விவசாயிக்குக் கிடைப்பதே அவர் குடும்பத்துக்கு வருமானம். சொந்த ஆலை உள்ளவருக்குப் புட்டியின் விலை நேரே வந்து சேரும். கூட்டுறவு உறுப்பினருக்கு இலாபத்தில் பங்காக வரும். இரண்டும் இல்லாமல் பழத்தை மட்டும் விற்பவருக்கு விளம்பரத்தால் என்ன கிடைக்கும் என்பது வாங்குபவரின் மனத்தைப் பொறுத்தது. விளம்பரத்தோடு கூடவே, அந்த வட்டாரப் பழத்துக்கு ஒரு குறைந்தபட்ச விலையையும் எழுதி வைத்திருந்தால் உடன்பாடு முழுமை பெற்றிருக்கும்.

ஆஸ்திரேலியாவில் நேர்ந்தது

பெயரைப் பற்றி வழக்காடுவோர் மறக்கக்கூடாத இன்னொரு செய்தியும் உண்டு. 1980-களின் இறுதியில் ஸ்பெயினிலிருந்து அல்பரீன்யோ என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட குச்சிகள் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றன. அவற்றிலிருந்து கன்றுகள் பெருக்கப்பட்டன. விவசாயிகள் நம்பிக்கையோடு நட்டு, வளர்த்து, ஒயின் செய்து, அல்பரீன்யோ என்ற பெயரில் சந்தையும் பிடித்தார்கள். 2008-ஆம் ஆண்டில் அங்கு சென்ற பிரெஞ்சுத் திராட்சை வல்லுநர் ஒருவர் இலையையும் குலையையும் பார்த்து ஐயம் எழுப்பினார். மரபணுச் சோதனையில், 2009-ஆம் ஆண்டில், அது சவன்யான் என்ற வேறோர் இரகம் என்று உறுதியாயிற்று. குற்றம் நட்டவர்கள்மேல் இல்லை. வேரிலேயே பெயர் மாறியிருந்தது. ஆனாலும் அச்சடித்த பெயரை விட்டு, புதுப் பெயரில் மறுபடி சந்தை தேட வேண்டிய சுமை அவர்கள் தலையில்தான் விழுந்தது.

நெல்லில் கலப்பு இருந்தால் ஒரு பருவத்தோடு நட்டம் போகும். திராட்சை இருபது, முப்பது ஆண்டுப் பயிர். நடும் குச்சி எந்தத் தாய்க்கொடியிலிருந்து வந்தது, யார் சான்று தந்தார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கி வைப்பதே முதல் வேலை. அதற்குப் பிறகுதான் உரமும் மருந்தும்.

விவசாயி கருத வேண்டியவை

அல்வரீன்யோவின் கதை ஒயினுக்கு மட்டும் உரியதன்று. வாழையோ, மாம்பழமோ, மஞ்சளோ, பெயர்பெற்ற எந்தப் பயிருக்கும் பொருந்தும். மகசூல் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய இரகத்தை அழித்துவிடக்கூடாது; அதன் தனிக்குணம் என்ன, அந்தக் குணத்துக்கு விலை தருபவர் உண்டா என்று முதலில் ஆராய வேண்டும். பெயரைக் காக்க நினைப்பவர்கள் இரகப் பெயரை அல்ல, ஊர்ப் பெயரைப் பதிந்து காக்க வேண்டும். தனித்தனியே நின்றால் துண்டு நிலக்காரருக்குப் பேரம் பேசும் பலம் இல்லை. மொன்சாவ் ஊரில் 25 பேர் சேர்ந்ததுதான் பிற்காலத்தில் ஒரு வட்டாரத்தின் குரலாயிற்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, சலுகை, விளம்பரம், முத்திரை என்று எது வந்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டே தீர வேண்டும்: எடைமேடையில் கிலோவுக்கு எவ்வளவு கூடும்? அதற்கு விடை இல்லாத பெயர் எவ்வளவு பெரியதாயினும் விவசாயிக்கு வெறும் பெயர்தான்.